காரில் ப்ளூடூத் அழைப்பு தெளிவாக இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரில் ப்ளூடூத் வழியாகப் பேசும்போது குரல் சரியில்லை என்றால் பலரும் ஸ்டீரியோவை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் போன் மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. நீங்கள் பேசுவது எதிர்முனையில் இருப்பவர் காதுக்குப் போய்ச் சேர நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: காரின் மைக், காருக்கும் போனுக்கும் நடுவே ப்ளூடூத், போனுக்கும் டவருக்கும் நடுவே நெட்வொர்க், கடைசியில் அவருடைய போன். கோளாறு எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. கீழே உள்ள பதில்கள் முதலில் அதைக் கண்டுபிடிக்கத்தான். சோதனைகளை வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போதுதான் பார்க்க முடியும் என்பவற்றுக்கு வேறொருவர் ஓட்டட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

யாருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதிலிருந்து. உங்களுக்கா, எதிர்முனையில் இருப்பவருக்கா, இருவருக்குமா? இது தெரியாமல் "கால் கிளியராக இல்லை" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது.

உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, அவருக்குத்தான் புரியவில்லை என்றால் மைக் பக்கம் பாருங்கள். அவருக்கு நன்றாகக் கேட்டு உங்களுக்கு மட்டும் இரைச்சல் என்றால் ஸ்பீக்கர், வால்யூம், வயரிங். இருவருக்கும் விட்டுவிட்டுக் கேட்டால் ப்ளூடூத் அல்லது நெட்வொர்க்.

இதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் ஒருவரை அழையுங்கள். இன்ஜினை அணைத்து, ஜன்னலை மூடி, கார் வழியாக ஒரு நிமிடம் பேசுங்கள். அழைப்பைத் துண்டிக்காமலே போன் திரையில் ஒலி எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பட்டனைத் தொட்டு, காரிலிருந்து போனுக்கு மாற்றிக் காதில் வைத்துப் பேசுங்கள். போனில் பேசும்போதும் அதே கோளாறு இருந்தால் காரை விட்டுவிடுங்கள். அது நெட்வொர்க் பிரச்சினை, அல்லது எதிர்முனைப் போனின் பிரச்சினை. போனில் சரியாகி, காருக்கு மாற்றினால் கெடுகிறது என்றால் மட்டும் மேலே போங்கள். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பிளோயரை ஒவ்வொரு படியாக ஏற்றி, எந்தப் படியில் குரல் மங்குகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பேசுவது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறதாம். ஏன்?

மைக் உங்கள் வாயிலிருந்து தூரத்தில் இருக்கிறது. போனைக் காதில் வைத்துப் பேசும்போது மைக் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். காரில் அது அரை மீட்டரோ அதற்கு மேலோ. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 5 சென்டிமீட்டர் 50 ஆனால் 20 டெசிபல் போய்விடும். குரல் இப்படிக் குறைய, கண்ணாடியிலும் டேஷ்போர்டிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அதே அளவில் வந்து சேர்கிறது. அதுதான் அந்தக் கிணற்றுக் குரல்.

மைக் கம்பெனி வைத்த இடத்திலேயே இருந்து, முன்பு நன்றாக இருந்து இப்போதுதான் இப்படி என்றால் எதுவோ அதை மறைக்கிறது. சன் வைசரைக் கீழே இறக்கியே வைத்திருப்பது, மைக் துளைமேல் ஸ்டிக்கர், உள்ளே தூசி, புது வண்டியில் எடுக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள், கண்ணாடியில் தொங்கும் மாலை, மேற்கூரையில் புதிதாக ஒட்டிய துணி என்று காரணங்கள் பல. துளைக்குள் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். மென்மையான பிரஷ் போதும். இன்டீரியர் கிளீனிங் கொடுக்கும்போது அந்த இடத்தில் நேராக ஸ்ப்ரே அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் காரில் மைக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே?

பொதுவாக மேலே கேபின் விளக்கு இருக்கும் பகுதியில் சிறு துளைகளாக இருக்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங் கம்பத்தின் மேல்மூடியில், சிலவற்றில் ரியர்வியூ கண்ணாடி பக்கத்தில். கடையில் மாட்டிய ஸ்டீரியோ என்றால் முகப்பிலேயே ஒரு ஊசித்துளை இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இல்லையென்றால் ஒருவரிடம் பேசிக்கொண்டே சந்தேகப்படும் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்லத் தட்டுங்கள். டொக் டொக் என்று அவருக்குப் பலமாகக் கேட்கும் இடம்தான் மைக்.

எதிரே இருப்பவருக்கு அவருடைய குரலே திரும்பக் கேட்கிறது. அவர் போனில் கோளாறா?

இல்லை, கோளாறு உங்கள் காரில். இதைத்தான் அதிகம் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எக்கோ யாருக்குக் கேட்கிறதோ, காரணம் அவருக்கு எதிர்முனையில் இருக்கும். அவர் பேசுவது உங்கள் கார் ஸ்பீக்கரில் வருகிறது, அதை உங்கள் மைக் பிடித்து அவருக்கே திருப்பி அனுப்புகிறது. அதேபோல உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் அவர் ஸ்பீக்கர்போனில் பேசுகிறாரா என்று கேளுங்கள்.

காருக்குள் இதைத் தடுக்க எக்கோ கேன்சலர் என்ற மென்பொருள் வேலை செய்கிறது. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்பது அதற்குத் தெரியும். மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எதிர்முனைக்கு அனுப்பும். ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர ஸ்பீக்கர் தனக்கு வந்ததை அப்படியே ஒலிக்க வேண்டும். வால்யூமை அதிகம் ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கும், கதவுப் பலகை அதிரும். அந்தக் கரகரப்பும் அதிர்வும் கணக்கில் இல்லாதவை, அதனால் கழிபடாமல் எதிர்முனைக்குப் போய்விடும்.

ஆகவே முதல் மருந்து, அழைப்பு நடக்கும்போது காரின் வால்யூமைக் குறைப்பது. இரண்டாவது, ஈக்வலைசரில் பேஸ் ஏற்றியிருந்தால் இறக்குவது. மூன்றாவது, சரவுண்ட், 3டி, கான்சர்ட் ஹால் என்று பெயர் வைத்திருக்கும் ஒலி விளைவுகள் எல்லாவற்றையும் அணைப்பது. இந்த மூன்றிலேயே அநேகமாக எக்கோ நின்றுவிடும். அழைப்பு தொடங்கிய முதல் சில நொடிகள் மட்டும் எக்கோ வந்து பிறகு அடங்கினால் கவலை வேண்டாம். காரின் உள்ளொலியை அந்த மென்பொருள் கற்றுக்கொள்ள எடுக்கும் நேரம் அது.

ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் போட்ட பிறகுதான் எக்கோ ஆரம்பித்தது. தொடர்பு இருக்கிறதா?

நிச்சயம் இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோவின் எக்கோ கேன்சலர் அந்த வண்டியின் ஸ்பீக்கர்களை வைத்து அளந்து அமைக்கப்பட்டது. நடுவில் வெளி ஆம்ப்ளிஃபயரும், ஒலியைத் திருத்தி அனுப்பும் டிஎஸ்பி பெட்டியும் வந்தால் ஒலியின் அளவும் மாறுகிறது, அது வந்து சேரும் நேரமும் சில மில்லிசெகண்டுகள் தள்ளிப்போகிறது. ஸ்டீரியோவுக்கு இது தெரியாது. பழைய கணக்கையே போடுகிறது. மாட்டிக்கொடுத்தவரிடம் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கச் சொல்லுங்கள், டிஎஸ்பியில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒன்றாக வந்து சேரச் சிலவற்றைத் தாமதப்படுத்துவது) வைத்திருந்தால் தாமதம் மிகக் குறைவாக வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கு என்று நிறையச் செலவு செய்து சிஸ்டம் கட்டுபவர்கள், கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு போன் கால் பேசிப் பார்ப்பதே இல்லை. அதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

ஏசி போட்டால் எதிரே இருப்பவருக்கு "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கிறது. ஆனால் எனக்குச் சத்தமே இல்லை.

பிளோயர் காற்று மைக் மேல் நேராகப் படுகிறது. காது அதை ஒரு சத்தமாகவே எடுத்துக்கொள்ளாது. மைக்கின் சவ்வுக்கு அது பெரும் இரைச்சல். நடு வென்ட்டின் இதழ்களை மேலே திருப்பி வைத்திருந்தால் கொஞ்சம் கீழே இறக்குங்கள். காற்று கண்ணாடிமேல் அடிக்கும் டிஃபாக் நிலையில் இருந்தால், கண்ணாடியில் மோதி மேலே ஏறி மைக்கைத்தான் முதலில் தொடும். மழைக்காலத்தில் திடீரென்று இந்தக் கோளாறு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கூரையில் பின்சீட்டு ஏசி உள்ள பெரிய வண்டிகளில் அதன் பிளோயரையும் குறைத்துப் பாருங்கள்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் எதைச் சமாளிக்கும், எதைச் சமாளிக்காது என்று தெரிந்திருப்பது நல்லது. ஒரே சீராக ஓடும் இன்ஜின், டயர், பிளோயர் சத்தத்தை அது ஓரளவு நன்றாகவே நீக்கிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தை நீக்க முடியாது. பின்னால் சண்டை போடும் பிள்ளைகள், பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்கும் பேருந்து, கூரையில் கொட்டும் மழை, வைப்பர், பாதி திறந்த சன்ரூஃப் எல்லாம் இந்த வகை. ஜன்னலை மூடுவதைவிட நல்ல மென்பொருள் இன்னும் வரவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் வெட்டுப்படுகிறதே?

எக்கோ கேன்சலர் திணறுகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரிலும் ஒலி, மைக்கிலும் ஒலி என்றால் எது எக்கோ, எது உங்கள் குரல் என்று பிரிக்க முடியாமல், மலிவான சாதனங்கள் ஒரு பக்கத்தையே அமுக்கிவிடும். வால்யூமைக் குறைத்தால் இதுவும் குறையும். மற்றபடி ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசுவதுதான் வழி.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. அழைப்பு மட்டும் ஏன் இவ்வளவு மட்டம்? இரண்டும் அதே ப்ளூடூத்தானே?

பெயர்தான் ஒன்று, பாதைகள் வேறு. பாட்டுக்கு ஏ2டிபி என்ற முறை. அது ஒரு பக்கமாக மட்டும் ஸ்டீரியோ ஒலியை அனுப்பும், கொஞ்சம் முன்கூட்டியே சேமித்து வைத்தும் ஒலிக்கும். நடுவில் ஏதாவது தவறினால் மறுபடி அனுப்ப நேரம் இருக்கிறது. பேச்சுக்கு எச்எஃப்பி என்ற ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறை. அது இரு பக்கமும் ஒரே நேரத்தில், தாமதமில்லாமல் போக வேண்டும். காத்திருக்க நேரம் கிடையாது. தவறிய துண்டு பெரும்பாலும் தவறியதுதான்.

அதோடு ஒலியின் அகலமும் குறைவு. பழைய எச்எஃப்பி முறையில் சிவிஎஸ்டி என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 8000 மாதிரிகள் எடுக்கிறது. பழைய டெலிபோனைப் போலவே சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. 2011-இல் வந்த எச்எஃப்பி 1.6 பதிப்பு, எம்எஸ்பிசி என்ற கோடெக்கைச் சேர்த்து மாதிரிகளை 16000 ஆக்கியது. 2023-இல் வந்த 1.9 பதிப்பு, எல்சி3 கோடெக்கில் 32000 வரை போகிறது.

இந்த அகலம் கிடைக்கக் காரும் போனும் இரண்டும் அந்தப் பதிப்பை ஆதரிக்க வேண்டும். அது மட்டும் போதாது. இரண்டு முனையிலும் அழைப்பு வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசுவது) போன்ற முறையில் போனால்தான் நெட்வொர்க்கும் அகலமான குரலைச் சுமக்கும். எதிரே இருப்பவர் 2ஜி பட்டன் போனில் பேசினால் உங்கள் புது வண்டியின் மைக்கால் ஒன்றும் ஆகாது. போன் அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய் வோல்டிஇ இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோ பயன்படுத்தினால் குரல் தெளிவாகுமா?

ஆகாது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப்பும் பாட்டும் கேபிள் வழியாகப் போனாலும், போன் அழைப்பு மட்டும் ப்ளூடூத் எச்எஃப்பி வழியாகத்தான் போகும். கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஆப்பிள் கார்பிளே அப்படியில்லை. கேபிளில் இணைத்தால் அழைப்பும் கேபிளிலேயே போகும், ப்ளூடூத் விலகிக்கொள்ளும். வயர்லெஸ் கார்பிளேயில் வைஃபை வழியாகப் போகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல சோதனை: வெறும் ப்ளூடூத்தில் மோசம், கேபிளில் நன்று என்றால் மைக்கில் குறையில்லை, ப்ளூடூத் இணைப்பில்தான் குறை. இரண்டிலும் ஒரே மாதிரி மோசம் என்றால் மைக்கைப் பாருங்கள்.

குரல் விட்டுவிட்டு வருகிறது. ப்ளூடூத்தா, நெட்வொர்க்கா?

ஒரே இடத்தில் நிற்கும்போதும் விடுகிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நிறுத்திய வண்டியிலும் விட்டால் ப்ளூடூத் மேல் சந்தேகம் வைக்கலாம். ஓடும்போது, அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் என்றால் நெட்வொர்க்.

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 79 சிறு சேனல்களுக்கு நடுவே நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசும். அதே அலைவரிசையில் வைஃபையும் இருக்கிறது. டேஷ்கேமின் வைஃபை, போனில் போட்டிருக்கும் ஹாட்ஸ்பாட், பின்சீட்டில் பிள்ளைகள் பார்க்கும் டேப்லெட் எல்லாம் அங்கேதான் முட்டிமோதுகின்றன. ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், டேஷ்கேம் வைஃபையைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள். நம் உடம்பில் இருக்கும் நீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். பின்பாக்கெட்டில் போனை வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தால் ப்ளூடூத்தும் தடுமாறும், டவர் சிக்னலும் குறையும். டேஷ்போர்டில் வெயில் படும்படி ஒட்டுவதும் சரியல்ல. ஐபோனுக்கு 35 டிகிரி வரையிலான சூழல்தான் ஏற்றது என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். சூடேறிய போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி வென்ட் பக்கத்தில், நிழலில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பதே நல்லது.

வால்பாறை, ஏற்காடு போகும்போது பேச்சே அறுந்துபோகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

அது காரின் குற்றமில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மலை மாறி மாறி டவரை மறைக்கும். போன் ஒவ்வொரு முறையும் வேறு டவரையோ, 4ஜி இல்லாமல் 2ஜியையோ தேடிப் பிடிக்க வேண்டும். மலை ஏறும் முன்பே பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். வளைவில் ஏறும்போது கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும் என்பது தனிக்காரணம்.

சமவெளி நெடுஞ்சாலையிலும் அறுகிறது என்றால் கண்ணாடியைப் பாருங்கள். உலோகப் பூச்சு உள்ள வெப்பத்தடுப்புக் கண்ணாடியும் சன் ஃபிலிமும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். போனை சென்டர் கன்சோலின் அடியிலோ கிளவ் பாக்ஸிலோ போட்டு மூடாமல், ஜன்னல் உயரத்தில் வைத்தால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும்.

புது போன் வாங்கியதிலிருந்துதான் தொல்லை. பழைய போனில் நன்றாக இருந்தது.

இரண்டு பக்கமும் இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். போனில் காரை மறக்கச் சொல்வது மட்டும் போதாது. கார் திரையிலும் அந்தப் போனை நீக்க வேண்டும். பட்டியலில் விற்றுவிட்ட பழைய போன்கள், என்றோ வந்துபோன உறவினர் போன்கள் எல்லாம் நிறைந்திருக்கும், அவற்றையும் சேர்த்து அழியுங்கள். பிறகு போனை அணைத்துப் போட்டு, காரின் ஸ்டீரியோவையும் ரீஸ்டார்ட் செய்து, புதிதாக இணைக்கும்போது தொடர்புகள், அழைப்புகள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் கொடுங்கள்.

வேறொரு காரணமும் உண்டு. எக்கோவையும் இரைச்சலையும் நீக்கும் மென்பொருள் போனிலும் இருக்கிறது, காரிலும் இருக்கிறது. "அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு" என்று போனுக்குச் சொல்லக் காரிடம் ஒரு கட்டளை உண்டு. அது ஒழுங்காக நடக்காமல் இரண்டும் ஒரே குரலை மாற்றி மாற்றிச் சுத்தம் செய்தால், குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதாகச் சொல்வார்கள். இதைத் தீர்ப்பது போனின் அப்டேட்டும் கார் ஸ்டீரியோவின் அப்டேட்டும்தான். காரின் அப்டேட்டைப் பலரும் கேட்டு வாங்குவதே இல்லை. அடுத்த சர்வீஸின்போது கேளுங்கள்.

கைக்கடிகாரம், இயர்பட் போன்றவையும் அழைப்பைப் பறித்துக்கொள்ளும். கணவன் மனைவி இருவர் போனும் காரில் பதிந்திருந்தால், போர்ட்டிகோவில் நிற்கும் வண்டி வீட்டுக்குள் இருப்பவரின் போனோடு இணைந்துகொண்டு, உள்ளே பேசுபவருக்குச் சத்தமே வராமல் போவதும் நடக்கும்.

எடுத்ததும் நான் சொல்லும் முதல் "ஹலோ" எதிரே கேட்பதில்லையே?

அழைப்பை எடுத்த பிறகுதான் பேச்சுக்கான ப்ளூடூத் பாதை திறக்கிறது. அதற்கு ஓரிரு நொடி ஆகலாம். கொஞ்சம் பொறுத்து ஹலோ சொல்லுங்கள்.

எனக்குத்தான் குரல் சன்னமாகக் கேட்கிறது. வால்யூம் முழுக்க வைத்தும் பலனில்லை.

பாட்டுக்கு ஒரு வால்யூம், அழைப்புக்கு ஒரு வால்யூம், போனில் தனியாக ஒரு வால்யூம். அழைப்பு நடக்கும்போதே போனின் பக்கவாட்டு பட்டனில் முக்கால் அளவுக்கு மேல் ஏற்றி, மிச்சத்தைக் காரில் சரிசெய்யுங்கள். ஒலியை இடம் வலமாகப் பிரிக்கும் பேலன்ஸ், முன் பின்னாகப் பிரிக்கும் ஃபேடர் எங்காவது ஒதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அழைப்பு முன்பக்க ஸ்பீக்கரில் மட்டும்தான் வரும்.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் "கொய்ங்" என்ற சத்தமும் கூடவே ஏறுகிறது.

இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஒலிப் பாதையில் கலக்கிறது. ஆக்ஸ் வயரில் போனை மாட்டி, அதே போனைச் சிகரெட் லைட்டர் சார்ஜரிலும் மாட்டினால் இது வரும், ஏனென்றால் இரண்டும் காரின் எர்த்தை வேறு வேறு இடத்தில் தொடுகின்றன. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் நல்ல சார்ஜர் வாங்குங்கள், அல்லது இந்த எர்த் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பாகத்தை ஆக்ஸ் வயரில் போடுங்கள். எதையும் மாட்டாமலே வருகிறது என்றால் ஸ்டீரியோவின் எர்த் வயர் எங்கே முறுக்கப்பட்டிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். அதில் பேசலாமா?

பாட்டு கேட்கலாம், பேசுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மைக் கியர் பக்கத்தில், உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தூரம் அதிகம், கியர் அதிர்வும் சேரும். எக்கோ நீக்கமும் சுமார்தான். பழைய வண்டியில் வேறு வழியே இல்லை என்றால், அருகில் நிலையங்கள் இல்லாத அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் 93.5, 98.3, 106.4 போன்றவற்றின் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் நிச்சயம். ஊர் தாண்டினால் வேறு நிலையம் குறுக்கே வரும், மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

கடையில் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. மைக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதும், செலவும் குறைவு. இந்த ஸ்டீரியோக்களின் உள்மைக் டேஷ்போர்டின் நடுவில், வென்ட்டுகளுக்குக் கீழே, திரைக்குப் பின்னால் இருக்கிறது. பேச்சுக்கு அதைவிட மோசமான இடம் காரில் இல்லை. பின்பக்கத்தில் வெளி மைக்குக்கு என்று வயரோ சாக்கெட்டோ அநேகமாக இருக்கும். பெட்டியோடு ஒரு மைக்கும் வந்திருக்கும். மாட்டுபவர்கள் அவசரத்தில் அதை டேஷ்போர்டுக்குள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். சாக்கெட் 3.5 மில்லிமீட்டரா, 2.5 மில்லிமீட்டரா என்று பார்த்துவிட்டு வேறு மைக் வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் ஆக்சசரி கடைத்தெருக்களில் கிடைக்கும்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்து ஏ பில்லரின் (முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண்) மேல்பகுதியோ, சன் வைசருக்குப் பக்கத்துக் கூரை ஓரமோ நல்ல இடம். மைக்கின் முகம் வாயைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் வென்ட்டுக்கும் எட்ட இருக்க வேண்டும். ஏ பில்லரிலேயே ட்வீட்டர் என்ற சிறு ஸ்பீக்கர் இருந்தால் அங்கே வேண்டாம். அந்தப் பில்லருக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் வயரை ஏர்பேக்குக்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது. இது தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். கடைசியாக ஒட்டுவதற்கு முன் தற்காலிகமாக டேப் போட்டு, இரண்டு மூன்று இடங்களில் பேசிப் பாருங்கள்.

வெளி மைக்கை மாட்டிய பிறகும் ஸ்டீரியோ உள்மைக்கையே எடுத்துக்கொண்டிருக்கலாம். விரலால் தட்டும் சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். சில மாடல்களில் அதை ஃபேக்டரி செட்டிங்கில் மாற்ற வேண்டும், அது ஒரு ரகசிய எண் கேட்கும், கடைக்காரருக்குத் தெரியும். அதே இடத்தில் மைக் கெயின் அளவும் இருக்கும். கெயினை உச்சத்துக்கு ஏற்றினால் குரலோடு இரைச்சலும் எக்கோவும் சேர்ந்தே ஏறும், குரலும் உடைந்து போகும். எதிரே இருப்பவரைக் கேட்டுக் கேட்டு ஒரு படி ஒரு படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

பின்சீட்டில் இருக்கும் அம்மா பேசினால் யாருக்கும் கேட்பதில்லை.

பல வண்டிகளில் மைக் ஓட்டுநர் பக்கம் மட்டும் காது கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மைக் உள்ளவற்றில் மற்ற திசையிலிருந்து வரும் குரலை இரைச்சலாகவே எடுத்துக் குறைத்துவிடும். அவர் பேச வேண்டும் என்றால் அழைப்பைப் போனுக்கு மாற்றிப் போனை அவர் கையில் கொடுங்கள்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் ஓட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்தானே?

கூடாது என்பதே என் கருத்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போன் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஹேண்ட்ஸ்ஃப்ரீ கையை விடுவிக்கிறது, கவனத்தை விடுவிப்பதில்லை. 1997-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் டொரன்டோவின் 699 ஓட்டுநர்களை வைத்து வந்த ஆய்வு, பேசும்போது விபத்து அபாயம் சுமார் நான்கு மடங்கு என்றது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ போன்களால் அதில் நன்மை எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னது.

குரல் தெளிவில்லாதபோது அபாயம் இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன். "என்ன? என்ன சொன்னீங்க?" என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் முன்னால் பிரேக் விளக்கு எரிவதைத் தாமதமாகத்தான் பார்ப்பார். புரியாவிட்டால் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை. சர்வீஸ் சென்டரில் என்ன சொல்ல வேண்டும்?

"ப்ளூடூத் சரியில்லை" என்று ஜாப் கார்டில் எழுதவிடாதீர்கள். நிறுத்திய வண்டியில் பாட்டு போட்டுப் பார்த்துவிட்டு "ஓகே சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் மங்கலாகக் கேட்கிறது, பிளோயர் மூன்றாம் படியில் அதிகம், இரண்டு வெவ்வேறு போனிலும் அதே நிலை, போனில் நேரடியாகப் பேசினால் சரியாக இருக்கிறது. போன்களின் மாடலும், ஸ்டீரியோ திரையில் தெரியும் மென்பொருள் பதிப்பு எண்ணும் குறித்துக் கொடுங்கள். எதிர்முனையில் இருப்பவரிடம் அந்தக் குரலைப் பதிவு செய்யச் சொல்லி வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. அட்வைசர் முன்னால் போட்டுக் காட்டலாம்.

வாரன்டி இருக்கும்போதே போய்விடுங்கள். மைக் மாட்யூல் தனியாக மாற்றக்கூடிய சின்னப் பாகம்தான், முழு ஸ்டீரியோவையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது சர்வீஸ் சென்டர் ஆள் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏசியைப் போட்டு, வீட்டுக்கு ஒரு கால் அடித்து அவரையே பேசச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர் தெளிவாகக் கேட்கிறது என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.